தகரத்தின் கீழ் வேகும் தொழிலாளிக்குத் தென்னை நாரும் கிடையாதா?



பால் மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். ஆகவே ஊர் உறங்கும்போது நாம் எழுகிறோம். பெரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது உச்சி வெயில். குறைந்த உறக்கத்தை அந்தப் பகலில்தான் ஈடுசெய்ய வேண்டும். எங்கே உறங்குவது? தலைக்கு மேலே வெறுந் தகரம். அதற்குக் கீழே ஒரு தட்டி கூட இல்லை. மழை வந்தால் வெக்கை தணியும். ஆனால் தகரத்தின் மேல் நூறு பறை முழங்கும். கூரையை எட்டாத இடைச்சுவரின் மேலாகப் பக்கத்து வீட்டுப் பேச்சும் பிள்ளை அழுகையும் வந்து விழும். நாம் வளர்ந்த லயம் இதுதான். இன்றும் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன.

“இந்த நாட்டு வெயில் அப்படி; நாங்கள் என்ன செய்வது?” என்கிறது நிர்வாகம். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. வெயில் இயற்கை, வெறுந் தகரம் இயற்கையா?

வெக்கைக்கும் இரைச்சலுக்கும் மருந்து தோட்டத்திலேயே கிடக்கிறது. அதன் பெயர் நார். தென்னை நாரைச் சுருட்டி, அதன்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, உலர்த்தி, அழுத்தி, சூட்டில் பதப்படுத்தினால் கெட்டியான பாய் கிடைக்கிறது. நாருக்கு நார் ஒட்டிப் பிடிப்பது நாம் வெட்டிய பால்! அந்தப் பாயினுள்ளே காற்று அசையாமல் சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எஃகுத் தகரம் வெப்பத்தைக் கடத்தும் திறன் சுமார் 50 என்றால், நார்ப் பாயின் திறன் 0.05 அளவே. ஆயிரத்தில் ஒரு பங்கு! ஓசையும் அந்த நுண்துளைகளில் புகுந்து, நாரோடு உராய்ந்து, வலுவிழந்து போகிறது.

தென்னை மட்டுமா? செம்பனை ஆலையில் 100 டன் பழக்குலை போட்டால் 20 டன்னுக்கு மேல் வெறுங்குலை மிஞ்சுகிறது. அதுவும் நார்தான். வெறுங்குலை மரத்துக்கு எருவாகிறது, நல்லதே. அதில் ஒரு சிறு பங்கை வீட்டுக்கு எடுத்தால் செம்பனை பட்டுப் போகாது. கெனாஃப் என்னும் புளிச்சைச் செடியின் நாரும் உண்டு. அந்தப் பயிரையும் வளர்க்க 2010-இல் இந்நாட்டில் ஒரு வாரியம் அமைத்தார்கள். உலகில் மோட்டார் கார் செய்கிறவர்கள் கதவுப் பலகைக்குக் கெனாஃப் நாரையும், இருக்கைக்குப் பால் தெளித்த தென்னை நாரையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காருக்குக் கிடைத்த மரியாதை தொழிலாளியின் தலைக்குக் கிடைக்கவில்லை!

“நாரில் தீப்பிடிக்கும், கறையான் ஏறும், ஈரத்தில் பூஞ்சை பூக்கும்” என்று சொல்வார்கள். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. போரிக் அமிலமும் வெண்காரமும் ஏற்றினால் தீயும் கறையானும் கட்டுப்படும். கூரை ஒழுகாமலிருந்தால், காற்றோட்டம் விட்டால், பூஞ்சை அடங்கும். ஒழுகுகிற கூரையைப் பழுது பார்ப்பது யார் பொறுப்பு? தம் குற்றத்தையே தடையாகக் காட்டலாமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நார் மட்டும் பக்கத்து வீட்டு ஓசையை நிறுத்திவிடாது. இடைச்சுவரைக் கூரை வரை இடைவெளியில்லாமல் கட்ட வேண்டும். சுவர் தடுக்கும், நார் உறிஞ்சும். இரண்டும் வேண்டும்.

“சட்டப்படி வீடு கொடுத்திருக்கிறோமே” என்பது அவர்களுடைய கடைசி வாதம். வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966-இல் வந்தது. 1990-இல் புதிய சட்டம் வந்தது. 2019-இல் அது திருத்தப்பட்டது. ஆனால் குறைந்தபட்சம் என்பது தொடங்கும் இடம். அதற்கு மேல் செய்யக்கூடாது என்று அதற்குப் பொருளில்லை.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. “சம்பளம் கேட்கிற நேரத்தில் கூரைக்கு நாரா?” என்று சில தோழர்கள் சிரிக்கிறார்கள். கிராணி வீட்டில் பலகைத் தட்டி இருந்தது, லயத்தில் இல்லை. அந்தத் தட்டியின் கீழே உட்கார்ந்து கணக்கெழுதிய நமக்கு இந்தச் சிரிப்பு வரவில்லை. உறக்கமில்லாத கை மறுநாள் பட்டையில் காயம் போடுகிறது. காயத்துக்குத் திட்டு விழுகிறது, சம்பளமும் குறைகிறது. உறக்கமும் கூலிப் பிரச்சினைதான். இன்று நம்மோடு பால் வெட்டும் இந்தோனேசியத் தோழனும் வங்காள தேசத் தோழனும் அதே தகரத்தின் கீழ்தான் வேகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே கேட்போம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வரட்டும். ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் தகரத்தின் கீழ் நார்ப் பாய் வைத்த தட்டி. இரண்டு: கூரையைத் தொடும் இடைச்சுவர். மூன்று: முதலில் ஒரே ஒரு லயத்தில் செய்து, நண்பகலில் உள்ளே வெப்பமானி மாட்டி, தட்டியில்லாத லயத்தோடு ஒப்பிட்டு, கணக்கை எல்லாருக்கும் காட்டுவது. கணக்கெழுத நாம் தயார். தட்டி போட நிர்வாகம் தயாரா?

பால் நம்முடையது. நார் இந்த மண்ணுடையது. நிழல் மட்டும் யாரோ போடும் பிச்சையா? கேட்போம் தோழர்களே, ஒன்றாகக் கேட்போம்!