காயினின் குரல் மட்டும் போதுமா?

போர்க்களத்துக்கே ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லும் அருங்காட்சியகக் காப்பாளர்களைப் பற்றி நிறையப் புகழுரைகள் கேட்கின்றோம். நினைவு மங்கி மிகைக் கதைகள் சேருமுன்னரே வீரனின் வாய்மொழியை முகாமிலேயே பதிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்டவுடன் நெஞ்சம் இசையும் வாதந்தான். ஆயினும் நான் இசையவில்லை. காரணம் சொல்ல, முதல் உலகப் போர்க் காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்னும் ஊரில், பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்து போருக்குக் கொண்டுவந்து, ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட வீரர்களுக்கென ஒரு முகாம் இருந்தது. பிறைநிலா முகாம் என்று பெயர். வில்ஹெல்ம் டேகன் என்பவர் முன்னின்று நடத்திய அரச ஆணைக்குழுவொன்று அங்கே ஒலிப்பதிவுப் புனலை வைத்துக் கைதிகளைப் பேசவும் பாடவும் செய்தது. 1915 முதல் 1918 வரை பல முகாம்களில் 1,600-க்கும் மேற்பட்ட தட்டுகள் சேர்ந்தன.

1916 டிசம்பர் 11 அன்று அப்புனலின் முன் நின்றவர் மால் சிங் என்ற பஞ்சாபியர். தம் கதையை வேறு யாரோ ஒருவனுடையது போலச் சொன்னார்: இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்தவன், ஆங்கிலேயருக்காகப் போருக்கு வந்தான், சிறைப்பட்டான், ஊர் திரும்ப ஏங்குகிறான். ஒன்றரை நிமிடங்கூட இல்லை. அறிஞர்களுக்கு வேண்டியிருந்ததோ பஞ்சாபி மொழியின் ஒலிகள். பேசியவரின் குரல் எத்தகையது என்பதைப் படிவத்தில் குறித்தார்கள். அவர் கெஞ்சியதைக் கெஞ்சலாக எவரும் கேட்கவில்லை. தட்டு மட்டும் பெர்லின் பல்கலைக்கழகக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அது இல்லாவிடில் மால் சிங்கை நான் அறிந்திருக்கவே மாட்டேன், உண்மை. ஆனால் அது எனக்குக் கிடைத்த நன்மை, அவருக்கன்று.

அவர் கைதி, இன்றைய வீரனோ மனமுவந்து பேசுபவன் என்பர். காப்பாளர் யாருடைய அனுமதியால் முகாமுக்குள் நுழைகிறார்? யாருடைய வாகனத்தில் செல்கிறார்? எந்த வீரன் பேசலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்? தோழர்களின் செவிக்கெட்டும் தொலைவில் தன் குற்றத்தை எவன் சொல்வான்? ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் ஆப்கானிஸ்தானில் 39 பேரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த சான்று உண்டென 2020 நவம்பரில் அறிக்கை வெளியானது. அதை வெளிக்கொணர்ந்தது முகாமில் நீட்டப்பட்ட ஒலிவாங்கியன்று. சட்ட அதிகாரத்துடன் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த விசாரணை.

இப்பதிவுகள் வீரனின் மனப்புண்ணை ஆற்றும், ஒரு வகையில் ஒப்புரவு அருளடையாளம் போன்றவை என்று நம்மவர் சிலரே சொல்வதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பாவ அறிக்கையில் கேட்டதைச் சொல்லாலோ வேறெவ்வகையிலோ வெளிப்படுத்தக் குருவுக்கு உரிமையில்லை என்பது திருச்சபைச் சட்டம். காப்பாளர் கேட்டதற்கோ வரிசை எண் கிடைக்கும். ‘நான் சுட்டது ஒரு குழந்தையை’ என்று இருபது வயது இளைஞன் உடைந்து அழுதால், அவனுக்குப் பாவமன்னிப்பும் இல்லை, அந்த அழுகையும் இனி அவனுடையதில்லை.

தொடக்க நூலை நினைத்துப் பாருங்கள். மண்ணிலிருந்து கதறிய ஆபேலின் இரத்தத்தின் குரலைக் கேட்ட பின்னர்தான் கடவுள் காயினைக் குற்றவாளியாகத் தீர்த்தார். அந்த வயல்வெளிக்குக் காப்பாளர் போயிருந்தால் உயிரோடிருந்த சாட்சியின் வாய்மொழி மட்டுமே பதிவாகியிருக்கும்: நான் என்ன என் தம்பிக்குக் காவலாளியா?

பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசியவன் எப்போது விரும்பினாலும் தன் சொற்களைத் திரும்பப் பெறட்டும். அவன் படையை விட்டு விலகும்வரை பதிவு முத்திரையிடப்பட்டிருக்கட்டும். முகாமுக்குப் போகும் அதே அருங்காட்சியகம், குண்டு விழுந்த ஊருக்கும் படைவாகனத்தின் துணையின்றி மொழிபெயர்ப்பாளருடன் போகட்டும். அதற்குப் பணமில்லை என்பார்களானால், முகாம் பயணத்தையும் ஒத்திவைக்கட்டும்.