அழைப்பு வீட்டுக்குப் போகட்டும்



பக்கத்துக் கல்லூரி மண்டபத்தில் மேலைத்தேய இசை நிகழ்ச்சி, அனுமதி இலவசம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. பாடசாலைக்கு அழைப்பு வந்ததுமே ஆசிரியர் அறையில் "நமக்கெதுக்கு இது?" என்ற பேச்சு.

இசை கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்ல நாம் முஃப்திகள் இல்லை. ஆனால் இசை பற்றிப் பெரிய கிதாபே எழுதிய அல்ஃபராபியும் நம் வரலாற்றில்தான் இருக்கிறார்.

முன்னால் நின்று கோலசைத்து வழிநடத்த இந்த நால்வருக்கும் ஆள் கிடையாது. ஒருவரையொருவர் காது கொடுத்துக் கேட்டால்தான் வாசிக்க முடியும். வகுப்பில் நாம் நாளும் கெஞ்சுவது அதற்குத்தானே?

விரும்பாத பிள்ளையை இழுத்துப் போக வேண்டாம். விரும்பும் பிள்ளையை மறிக்கவும் வேண்டாம். முடிவு பெற்றோருடையது, ஆசிரியர் அறையுடையதல்ல. அழைப்பை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புவோம்.