காதலிக்க வந்த ரத்தக் காட்டேரிகள்!

ஜனவரி மாதத்தில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள், ஆங்கில நாவல் கடைகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். கறுப்பு அட்டை; அதில் ஒரு சிவப்புத் துளி; வெளிறிய முகத்தோடு ஓர் அழகன். மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வரும் கல்லூரிப் பெண்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். யார் இந்த அழகன்? ரத்தக் காட்டேரி! நூறு, இருநூறு வருஷங்களாகச் சாகாமல் இருந்து, பிறர் கழுத்தைக் கடித்துப் பிழைப்பவன். அவன்தான் இன்று காதல் கதாநாயகன்.

படிக்கிற பெண்களை நாம் குறை சொல்லவில்லை. வடபழனியிலிருந்து வந்த அம்புலிமாமாவில் வேதாளம் முருங்கை மரம் ஏறியதை மாதந்தோறும் காத்திருந்து படித்தவர்கள்தாம் நாமும். நமது கேள்வி வேறு. இந்தக் காட்டேரி மனிதனாக இருந்த காலத்தில் என்ன செய்து பிழைத்தான்?

1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா ஒரு பிரபு. மலைமேல் கோட்டை கட்டி வாழ்ந்தவன். ஆனால் அந்தக் கதையில் அவன் எதிரி. ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு பள்ளி ஆசிரியை முதலானோர் கூடி, விரட்டிச் சென்று ஒழிக்கிறார்கள். (கூட்டத்தில் ஒரு பிரபுவும் உண்டு. போகட்டும்!) பிறகு 1976-ல் அமெரிக்காவில் ஆன் ரைஸ் அம்மையார் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' எழுதினார். கதாநாயகன் லூயி 1791-ல் லூசியானாவில் அவுரித் தோட்ட முதலாளி. நீக்ரோ அடிமைகளின் எஜமான். தப்பியோடிய அடிமைகளும் அவன் கூட்டத்துக்கு இரை. வாசகர் கண்ணீர் விடவேண்டியதோ லூயியின் மனவேதனைக்காக! 2005-ல் தொடங்கிய 'ட்வைலைட்' வரிசையில் வரும் ஜாஸ்பர், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் மேஜராக இருந்தவன். அவனும் நல்லவன், காதலன்!

இது தற்செயலா? ரத்தத்தின் பெயரை ஆசை என்று மாற்றிவிட்டால் உறிஞ்சுகிறவன் குற்றவாளி அல்ல. விரட்ட ஆள் வேண்டாம். கதாநாயகி தானாகவே கழுத்தை நீட்டுகிறாள். பண்ணையாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வெள்ளைக்காரன் சரக்குத்தானே என்று சிரிக்கவேண்டாம். முதல் குலோத்துங்கன் காலத்தில் ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணி பாடினார். தொடக்கத்தில் பெண்களை விளித்துக் கதவு திறக்கச் சொல்லும் காதல் பகுதி. பிறகு பசியால் வற்றிய பேய்கள். கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததும், அந்தப் பேய்கள் போர்க்களத்து ரத்தத்தில் கூழ் சமைத்துக் குடிக்கின்றன. பேய்க்குள்ளும் பார்ப்பனப் பேய், சமணப் பேய் என்று பிரிவு உண்டு என்பதைக்கூடப் புலவர் மறைக்கவில்லை. அரசனைப் புகழ்ந்து பாடியவர்தான். ஆயினும் வெற்றி எதில் சமைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டார்!

எண்ணூறு வருஷங்களுக்குப் பின், அதே கருணாகரனை நாயகனாக்கி சாண்டில்யன் 'கடல் புறா' எழுதினார். 1960-களில் குமுதத்தில் தொடராக வந்தது, தி. நகர் வானதி பதிப்பகம் நூலாக்கியது, இன்னும் விற்பனையாகிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. கப்பல் உண்டு, வாள் உண்டு, கடாரத்து இளவரசி உண்டு. கூழ் காய்ச்சிய பேய்களைத்தான் காணோம்.

டிராகுலாவுக்கு 30 வருஷம் முன்பே, 1867-ல், இந்தக் காட்டேரியை எழுத்தில் பிடித்தவர் ஒருவர் உண்டு. வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் மூலதனத்தை ரத்தம் உறிஞ்சும் பேய்க்கு ஒப்பிட்டார். அதே அத்தியாயத்தில் மேரி ஆன் வாக்லி வருகிறாள். லண்டனில் தையல்காரி, வயது 20. இளவரசிக்காக நடந்த நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடுப்புகளைத் தைக்க, இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் உழைத்து 1863-ல் செத்துப்போனாள். சரித்திரக் காதல் கதைகளில் நிலவொளியில் சுழலும் பட்டுப் பாவாடைகளை யார் தைத்தார்கள் என்று எந்தக் காட்டேரி நாவலாவது சொன்னதுண்டா?

நந்தனத்திலிருந்து ரங்கநாதன் தெரு எவ்வளவு தூரம்? ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே புடவையை விரித்து விரித்துக் காட்டிய பெண்களுக்கு, உட்கார ஓர் ஆசனம் உண்டு என்று சொல்வதற்கு, 1947-ம் வருஷத்துக் கடைகள் சட்டத்தை 2021-ல் திருத்த வேண்டியிருந்தது. அதுவரை நின்ற கால்களில் நரம்பு புடைத்ததற்குக் கணக்கு எழுதியவர் யார்? இரவில் மாம்பலம் ஸ்டேஷனில் பாருங்கள். அந்தப் பெண் ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி மாற்றி மாற்றி நிற்கிறாள். கையிலுள்ள போனில் ஒரு கதை: மாளிகை, நிலவு, சாகாத பிரபு. நாளெல்லாம் உழைத்தவள் கொஞ்சம் கனவு காண்பதில் தவறென்ன? ஆனால் அந்தக் கனவிலும் அவள் கழுத்துத்தானா கேட்கிறது?

தி. நகர்ப் பதிப்பாளர்களே! ரங்கநாதன் தெருக் காட்டேரியைப் பற்றி ஒரு கதை போடுங்கள். காதலும் இருக்கட்டும், பேயும் இருக்கட்டும். முதல் பிரதியை நாம் முழு விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.