மட்டாஞ்சேரியின் துயரத்தைப் பாட்டால் சொல்ல முடியுமா?

செத்தவர்களை வைத்துப் பாட்டும் ஆட்டமுமா? பொதுத்துயரம் ஒன்று இசை நாடகமாகும்போதெல்லாம் இந்த முணுமுணுப்பு எழுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. இசை காயத்தை ஆற்றும்; ஆற்றுகிற வேகத்தில் காயம் யாரால் வந்தது என்பதையும் மறக்கடித்துவிடும். ஆனால், பாடப்படுவதாலேயே துயரம் மலிவாகிவிடுகிறது என்று சொல்வதை ஏற்க முடியாது. இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் கொச்சியின் மட்டாஞ்சேரி.

அங்கே துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை ஒருகாலத்தில் ‘சாப்பா’ முறையில் வழங்கப்பட்டது. வேலை கேட்டுத் திரண்டு நிற்கும் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டி மோதிப் பொறுக்கியவருக்கு அன்றைய வேலை. கிடைக்காதவர் வீட்டில் அடுப்பு எரியாது. இந்த இழிவை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை ஏ.ஜே. ஜான் அமைச்சரவை ஆண்டுகொண்டிருந்தது. சைது, செய்தலவி, ஆன்றணி என்ற மூவரை மட்டாஞ்சேரி இன்றும் தியாகிகளாக நினைவுகூர்கிறது. விடுதலை பெற்று ஆறே ஆண்டுகள் ஆன நாடு, கூலியை மரியாதையோடு கேட்ட தன் குடிமக்கள் மீது துப்பாக்கியைத் திருப்பியது. அதனால் இது ஒரு பேட்டையின் சோகம் மட்டுமல்ல, தேசத்தின் துயரமும்கூட.

இந்தப் போராட்டத்தைக் கே.எம். சிதம்பரன் ‘துறமுகம்’ என்ற நாடகமாக எழுதினார். அவருடைய மகன் கோபன் சிதம்பரனின் திரைக்கதையில், ராஜீவ் ரவி இயக்கிய அதே பெயர்கொண்ட படம் 2023இல் வெளிவந்தது. இருட்டு, சேறு, பசித்த முகம் என எல்லாவற்றையும் திரைப்படம் அருகிலிருந்து காட்டும். ஆனால், சாப்பாவின் கொடுமை ஒரு முகத்துக்குள் முடிவதில்லை. பசித்தவனைப் பசித்தவன் மீதே ஏவிவிட்டதுதான் அதன் குரூரம். அதைச் சொல்லக் கூட்டுப்பாடல் வேண்டும். ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு வில்லைக்குப் பாயும்போது தாளம் கலைந்து சிதற வேண்டும். வேலைநிறுத்தத்தில் அத்தனை குரல்களும் ஒரே அடியில் வந்து சேர வேண்டும். சங்கம் என்றால் என்ன என்பதை வசனமே இல்லாமல் உடம்புக்கு உணர்த்த இசை மேடையால் முடியும்.

அதற்கான கலை கொச்சிக் கரையிலேயே இருக்கிறது. லத்தீன் கத்தோலிக்கர்கள் வளர்த்த சவிட்டு நாடகம், பலகை மேடையைக் காலால் உதைத்து அதிரவைத்துப் பாடி ஆடுவது. தமிழ் கலந்த மொழியில் பிறந்த அதன் மூலவராகச் சின்னத்தம்பி அண்ணாவியை மரபு சொல்கிறது. ‘காறல்மான் சரிதம்’ போன்ற அதன் கதைகள் பேரரசர்களையும் வீரர்களையும் பாடுபவை. ஆபத்தும் அங்கேதான். மின்னும் உடையும் வீரநடையும் சைதுக்கும் ஆன்றணிக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தால், கூலிக்காரர்கள் காவிய நாயகர்களாகிவிடுவார்கள், கூலி மறைந்துவிடும்.

உலகப் புகழ் பெற்ற இசை நாடகங்களும் இங்கே சறுக்கியிருக்கின்றன. 1989இல் லண்டனில் அரங்கேறிய ‘மிஸ் சைகோன்’ வியட்நாம் போரை ஒரு காதல் சோகமாகச் சுருக்கியது. மேடையில் இறங்கிய ஹெலிகாப்டர் பலருக்கு நினைவில் நின்றது. போர் ஏன் வந்தது என்பது நிற்கவில்லை. மாறாக, 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’, துயரத்தைச் சுமந்துகொண்டிருந்த மக்களின் நடுவிலேயே நிகழ்ந்தது. பார்ப்பவர் கண்ணீர் விட்டுக் கலைந்துபோகும் வசதி அங்கே இல்லை. மேடையில் நடப்பது அவர் வாழ்க்கையாகவே இருந்தது.

நம் ஒப்பாரியும் வெறும் கண்ணீரோடு கலைந்துபோக விடுவதில்லை. இறந்தவரின் பெருமையைச் சொல்லி அழும் பெண், அதே ராகத்தில் தன்னைக் கைவிட்டவர்களையும் கணக்குத் தீர்க்காதவர்களையும் வரிசையாகச் சபையில் நிறுத்துவாள். அழுகையும் குற்றச்சாட்டும் ஒரே மூச்சில் வரும். இசை நாடகம் துயரத்துக்கு நியாயம் செய்ததா என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான்: அழவைத்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது, யாரை நோக்கி அழவைத்தது என்றும் கேட்க வேண்டும்.

மட்டாஞ்சேரி விஷயத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. நாடகக்காரர் யாராக இருந்தாலும் துப்பாக்கிச் சூட்டையே உச்சக்கட்டமாக வைக்கத் தோன்றும். சரியும் உடல்கள், உயரும் பாடல், விழும் திரை. வரலாறு அங்கே முடியவில்லை. சாப்பா முறை 1962 வரை நீடித்தது. குண்டு பாய்ந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் அந்தக் கரையில் வில்லைகள் வீசப்பட்டன. உயிர்த்தியாகம் செய்தவர்களின் தோழர்களே அவற்றுக்காகக் குனிய வேண்டியிருந்தது. சாவோடு முடியும் நாடகம் தியாகம் வென்றது என்ற பொய்யான ஆறுதலைத் தந்துவிடும். தியாகத்தைவிடக் கடினமானது அந்த ஒன்பது ஆண்டுப் பொறுமை: மீண்டும் சங்கம் கட்டியது, மீண்டும் கேட்டது, மீண்டும் மறுக்கப்பட்டது. உணர்ச்சிக்கு நியாயம் என்பது அந்தச் சலிப்பையும் பாடுவதுதான்.

அப்படி ஒரு சவிட்டு நாடகம் கொச்சிக்கு வேண்டும். கலைவிழாவுக்கு வரும் விருந்தினருக்காக மட்டும் அல்லாமல், துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களின் நினைவுகளைக் கேட்டு, அவர்களையே முதல் பார்வையாளர்களாக அமர்த்தி அது உருவாக வேண்டும். அண்ணாவியின் மரபுக்கு உரிமை கொண்டாடும் தமிழ் நாடகக் கலைஞர்களும் அதில் கைகோர்க்கலாம். பாட்டு துயரத்தைக் கெடுக்காது. முழுக் கதையையும் பாட அஞ்சும் நாடகம்தான் அதைக் கெடுக்கும்.