பகிடிவதை: சட்டம் இருக்கிறது, முறையிடத்தான் ஆளில்லை

2025 ஏப்ரல் இறுதியில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீட மாணவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடந்தது, மாணவர்கள் கைதானார்கள், கண்டன அறிக்கைகள் வெளியாகின. சில வாரங்களில் பேச்சு அடங்கிவிட்டது. சிங்கள மாணவர்கள் பெரும்பான்மையாகப் படிக்கும் இடத்தில் நடந்ததாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் அது பெரிய விவாதமாகவே இல்லை.

ஆனால் இது எங்களுக்கும் உரிய கதைதான். இலங்கையில் பகிடிவதைக்கு எதிராக ஒரு சட்டம் வருவதற்கு முன்னோடியாக அமைந்த மரணம் ஒரு தமிழ் மாணவனுடையது.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் புதிதாக வந்த வரப்பிரகாஷ், சிரேஷ்ட மாணவர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த கடுமையான உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். வழக்கின் பிரதான எதிரியும் தமிழர்தான். அவர் நாட்டைவிட்டுத் தப்பிவிட்டார். 2014இல்தான் கண்டி மேல் நீதிமன்றம், அவர் இல்லாத நிலையிலேயே அவருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்புக்கு 17 ஆண்டுகள் சென்றன.

போர் உச்சத்தில் இருந்த காலம் அது. சோதனைச் சாவடிகளையும் சுற்றிவளைப்புகளையும் தாண்டித் தெற்கே படிக்கப்போன தமிழ்ப் பிள்ளை, இராணுவத்தின் கையில் அல்ல, தன் மொழி பேசும் அண்ணன்மாரின் கையில் சிக்கி இறந்தது. இதை நாங்கள் போதியளவு பேசவில்லை என்பதே என் எண்ணம்.

அதற்கு ஓராண்டு முன்னர், 1996 நவம்பரில், தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு சிரேஷ்ட மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே பாதுகாப்பு இருக்கவில்லை. 1997இல் தமிழ்நாட்டிலும் 1998இல் இலங்கையிலும் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டங்கள் வந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பலவீனமானதல்ல. உடற்காயம் மட்டுமல்ல, மன வேதனையோ அச்சமோ ஏற்படுத்தும் செயலும் பகிடிவதைதான் என்கிறது. கல்வி நிறுவனத்துக்கு வெளியே நடந்தாலும் குற்றம்தான். இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ ஏற்பட்டால் அது பத்து ஆண்டுகள் வரை நீளும்.

அப்படியிருந்தும் நிலைமை மாறவில்லை. 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில், படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட டயர் மோதி ஒரு மாணவர் தலையில் படுகாயமடைந்தார். அதே ஆண்டு கொரோனா முடக்கத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சியிலுள்ள தொழில்நுட்ப பீடப் புதுமுக மாணவர்கள் தொலைபேசி வழியே பாலியல் ரீதியான பகிடிவதைக்கு உள்ளானதாகச் செய்திகள் வந்தன. வளாகம் பூட்டியிருந்தாலும் வதை வீட்டு அறைக்குள் வந்துவிட்டது.

சட்டம் தோற்கும் இடம் நீதிமன்றமல்ல. முறைப்பாடே வருவதில்லை. முறையிடுபவன் 'பட்ச்' முழுவதாலும் ஒதுக்கப்படுவான், குறிப்புகள் கிடைக்காது, விடுதியில் பேச ஆளிருக்காது. வீட்டுக்குச் சொன்னால், "கொஞ்ச நாள்தானே மகன், பொறுத்துக்கொள்" என்ற பதில்தான் வரும்.

பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள்

மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் பகுதியை இன்று எல்லோருக்கும் தெரியும். மூடுபனியும் காற்றும் பிட்டவல பத்தனைப் புல்வெளியும் பார்க்க விடுமுறை நாட்களில் வாகனங்கள் வரிசையாக ஏறுகின்றன. பல்கலைக்கழக மாணவர்களும் குழுக்களாக வருகிறார்கள். ரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் அந்தப் பாதையில் முச்சக்கர வண்டி ஓட்டும் தோட்டத்து இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான முதல் பிள்ளை அவர். தமிழ் மாணவர்கள் அதிகம் படிக்கும் ஓர் இடத்துக்குப் போனார். மூன்று வாரங்களில் திரும்பிவிட்டார்.

அடி விழவில்லை என்றார். "எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார்கள். ரிவர்ஸ்டன் பக்கம் என்றதும், "அப்ப தோட்டக்காட்டான்" என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். தினமும் விடுதி மண்டபத்தின் நடுவே நின்று, முதுகில் கூடை இருப்பதுபோல் குனிந்து கொழுந்து பறித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவர்களுக்கு வேறு தண்டனை.

"எனக்கு செஞ்சத தாங்கியிருப்பேன் சார். அது எங்கம்மா செய்ற வேல" என்றார்.

தோட்டத்தில் இன்னும் அவரிடம் காரணம் கேட்கிறார்கள். "படிக்கப் பிடிக்கல" என்று சொல்லிவைத்திருக்கிறார். தாய்க்கு உண்மை தெரியாது.

இப்படிப் படிப்பைக் கைவிட்டுத் திரும்பியவர்களுக்கு மரணச் செய்தி இல்லை, வழக்கும் இல்லை. நித்திரையின்மை, கூட்டத்தைக் கண்டால் பயம், தன்மீதே வெறுப்பு என்று பாதிப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. 1975இல் பேராதனையில் பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடக்க முடியாமல் போய், பல ஆண்டுகள் வேதனையோடு வாழ்ந்து 2002இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 'கொஞ்ச நாள்' என்று சொல்பவர்கள் அந்த 27 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீடுகளுக்குள் ஒரு கேள்வி

பகிடிவதை ஏற்றத்தாழ்வை உடைத்து எல்லோரையும் சமமாக்குகிறது என்பது அதை நியாயப்படுத்துவோரின் வாதம். நடைமுறையில் அது வெளியே இருக்கும் படிநிலையை உள்ளே கொண்டுவருகிறது. மலையகத்தான், சாதியில் குறைந்தவன், கிராமத்தான், திக்கிப் பேசுபவன், மென்மையாக நடப்பவன்: முதலில் இலக்காவது இவர்கள்தான்.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள் மலையக மக்கள். 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்டு வன்னியில் குடியேறியவர்கள் இறுதிப் போரையும் எங்களோடு அனுபவித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைக்கும் வாய், எந்த உரிமையோடு சமத்துவம் பேசும்?

இன்னொன்றும் இருக்கிறது. இன்று பல்கலைக்கழகம் செல்லும் பலர் 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். சிலருக்குத் தந்தை இல்லை, சிலருக்கு அவர் எங்கே என்பதே தெரியாது. முட்டுக்காலில் இருத்தி, உடையைக் களையச் சொல்லி, கூட்டத்தின் முன் அவமானப்படுத்துவது எங்கள் சமூகத்துக்கு யார் செய்த வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே 'பகிடி' என்ற பெயரில் ஒரு தமிழ்ப் பிள்ளை இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்குச் செய்யும்போது, போரின் பழக்கம் இன்னும் எங்களைவிட்டுப் போகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

செய்யக்கூடியவை

பெற்றோர் "பொறுத்துக்கொள்" என்ற சொல்லைக் கைவிட வேண்டும். பிள்ளை சொல்லும்போது நம்புவதே முதல் உதவி. தொலைபேசிச் செய்திகளையும் அழைப்பு விபரங்களையும் அழிக்காமல் வைத்திருந்தால் அவை சான்றாகும். பல்கலைக்கழக நிர்வாகத்திடமும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும், பொலிஸிலும் முறையிடலாம். மனம் உடைந்த நிலையில் இருப்பவர்கள் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்காக 1929 இருக்கிறது.

விரிவுரையாளர்களும் "மாணவர் விடயம்" என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. முதல் சில வாரங்கள் மாலை வேளைகளில் விடுதிப் பக்கம் ஒருமுறை நடந்தாலே பல விடயங்கள் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குச் செய்யப்பட்டதை அடுத்தவருக்குச் செய்ய மறுப்பதற்குச் சட்டம் தேவையில்லை. மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கும்போது ஒருவர் எழுந்து வெளியே நடந்தால் போதும், நடுவில் நிற்கும் பிள்ளைக்குத் தான் தனியாக இல்லை என்று தெரிந்துவிடும்.