தீப்பொறியில் சர்க்யூட் போர்டு... வீட்டிலேயே செய்யலாமா?

'கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியை, டிப்ளமோ படிக்கும் என் மகன் செய்துகொண்டிருக்கிறான். அதற்கான சர்க்யூட் போர்டை, ஆசிட் இல்லாமல் மின்பொறியாலேயே அரித்து எடுக்கலாம் என்கிறான். இது நடக்கிற காரியமா? மோட்டாரில் மாட்டலாமா?'

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

நடக்கிற காரியம்தான். ஆனால், மோட்டாரில் நேரடியாக மாட்டக் கூடாது.

ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். ஒவ்வொரு முறையும் பொறி பறந்து, கான்டாக்ட் பாயின்ட்டில் குழி விழுகிறது. இந்தத் தேய்மானத்தைத் தடுக்க ஆராய்ந்த போரிஸ், நத்தாலியா லசரென்கோ என்ற சோவியத் விஞ்ஞானித் தம்பதி, 1943-ம் ஆண்டு அதையே உலோகத்தைச் செதுக்கும் முறையாக மாற்றினார்கள்.

போர்டின் மேலுள்ள செம்பு, வழக்கமாக 35 மைக்ரான் கனம்தான். கெப்பாசிட்டர் இணைத்த குறைந்த வோல்ட் டி.சி. மின்சாரத்தில், மெல்லிய கம்பி முனையைச் செம்புக்கு மிக அருகில் நகர்த்தினால், பொறி பட்ட இடத்தில் செம்பு உருகி ஆவியாகும், கோடு விழும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. சுற்றிலும் கோடு போட்டுவிட்டால் நடுவில் உள்ள செம்பு தனித் தீவாகிவிடும். அதற்கு மின்சாரம் போகாது, பொறியும் வராது. எனவே, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இணைப்பை விட்டுவைத்து, கடைசியில் கத்தியால் வெட்ட வேண்டும். அடுத்து, செம்புக்குக் கீழே உள்ள பிசின் கருகினால் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். 12 வோல்ட்டிலேயே இது கோளாறு தரலாம். 230, 415 வோல்ட்டில் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, தண்ணீர் மட்டத்தை உணரும் 12 வோல்ட் பகுதிக்கு மட்டும் இந்த போர்டைப் பயன்படுத்தலாம். ஸ்டார்ட்டரோடு இணைக்கும் ரிலேவை கடையில் தனிப்பெட்டியாக வாங்கி, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து இணைக்கவும். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேவை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது.

பொறி வேலைக்கு வீட்டு மின்சாரத்தை நேரடியாக எடுக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் சப்ளை அவசியம். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொழிற்சாலைகளில் எண்ணெயில் மூழ்கவைத்துச் செய்வார்கள். வீட்டில் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும்.

ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிப்பதுதான் வழக்கமான முறை. அந்தக் கழிவில் செம்பு இருக்கும். கிணறு, வாய்க்கால், மாட்டுத்தொட்டிப் பக்கம் கொட்டக் கூடாது. மீன்களுக்கு அது நஞ்சு. அந்த வகையில் மகனின் யோசனை நல்லதுதான்.

ஒரே ஒரு கருவிதான் தேவை என்றால், கடையில் கிடைக்கும் துளையிட்ட 'ஜெனரல் பர்ப்பஸ்' போர்டே போதும். எதில் செய்தாலும், ஒரு வாளித் தண்ணீரையும் 12 வோல்ட் பல்பையும் வைத்துச் சில நாள்கள் சோதித்துப் பார்க்கட்டும். ஒரு முறைகூடத் தவறவில்லை என்றால், எலெக்ட்ரீஷியனை அழைக்கலாம்.