ஒரே சொல்லில் மயக்கம். மூன்று சொல்லில் தெளிவு

அறிவியலுக்குத் தமிழ் போதாது என்பார் காட்டும் சான்றுகளுள் ஒன்று 'டிபரன்சியேசன்' என்னும் ஆங்கிலச் சொல். ஆங்கிலத்தில் ஒன்றாய் நிற்பது தமிழில் மூன்றாய்ச் சிதறுகின்றதாம்! சிதறவில்லை, தெளிகின்றது.

செருமானிய அறிஞர் இலைப்புனிட்சு 1684-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்குமுறைக்கு, நுண்ணிய வேற்றுமைகளைக் கொண்டு கணித்தலின், வேற்றுமை எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். விழுங்கல்லின் விரைவு ஓயாது மாறும்; குறித்த ஓரிமைப்பில் அது எவ்வளவு எனக் காட்டுவது அம்முறை. தமிழில் அது வகையிடல். அதன் மறுதலை தொகையிடல். தொகையும் வகையும் நம் இலக்கண நூலார்க்குப் பழகிய சொற்களே.

கருவுற்ற ஒற்றை உயிர்மி பல்கிப் பெருகுகையில் ஒன்று நரம்பாகின்றது, மற்றொன்று தசையாகின்றது. இரண்டிலும் உள்ள மரபுச்செய்தி ஒன்றே. அதனுள் இயங்கும் பகுதிகளே வேறு. உயிர்மி தானே அவ்வாறு ஆதலின் அது வேறுபடுதல். நெல்லையும் பதரையும் உழவர் பிரித்தறிவதோ வேறுபடுத்துதல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஆங்கிலச் சொல்லோ இரண்டிற்கும் ஒரே வடிவில் நிற்கும்.

ஆகவே, கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கில ஒலிக்குச் சொல் தேடற்க, பொருளுக்குத் தேடுக. மூன்று துறைக்கும் ஒரே சொல்லை ஒட்டவைப்பின் மாணாக்கர் உருப்போடுவர், உணரார். வேற்றுமை குறிக்குஞ் சொல்லிலேயே வேற்றுமை காட்டவல்ல மொழியை ஏழைமொழி என்பது அறியாமை. தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் கூடி இவ்வுண்மையை வகுப்பறையில் நிலைநாட்டுக!